கார்பன் ஃபைபர் மேல் செம்பு: பிடிப்பது இழையில் அல்ல, பிசினில்

கார்பன் ஃபைபர் தகட்டுக்கு முலாம் பூசவேண்டும் என்று பிளேட்டிங் பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "இதுதான் கரண்டு கடத்துமே, நேராகத் தொட்டியில் தொங்கவிட்டால் போயிற்று" என்பது. கடத்தும் என்பது உண்மை. ஆனால் அச்சிலிருந்து வெளிவந்த தகட்டின் மேலே இருப்பது இழை இல்லை, எப்பாக்சிப் பிசின். இழைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே 10 முதல் 50 மைக்ரான் வரை ஒரு பிசின் தோல் கிடக்கிறது. அதைத் தேய்த்து எடுத்து, இழையை வெளிக்கொண்டுவந்து அமிலச் செம்புத் தொட்டியில் போட்டால் முலாம் ஏறத்தான் செய்யும். இழை தெரிகிற இடத்தில் குவியும், பிசின் உள்ள இடத்தைத் தாண்டி ஓடும், நெசவின் வடிவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நகத்தை ஓரத்தில் கொடுத்தால் சுருண்டு வந்துவிடும். கார்பன் இழையின் மேற்பரப்பு வழவழப்பானது, வேதிவினைக்கு எளிதில் இறங்காதது. உலோகம் அதன்மேல் உட்காரும், பிடிக்காது.

உலோகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியது பிசின்தான். அதில் ஒரு மைக்ரானுக்கும் சிறிய குழிகளை உண்டாக்க முடியும், அந்தக் குழிக்குள் உலோகம் வேர்விடும். ஆகவே கார்பன் ஃபைபர் மேல் முலாம் என்பது உண்மையில் பிளாஸ்டிக் மேல் முலாம். கூடவே இரண்டு தொல்லைகள்: அடியில் மின்சாரம் கடத்தும் இழை இருக்கிறது, வெட்டிய ஓரங்களில் கரைசலை உறிஞ்சும் நுண்பிளவுகள் இருக்கின்றன. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கான பதில்தான்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தடிமனைக் கணக்குப் பார்க்காமல் "நல்லா தடியா போடுங்க" என்று சொல்வது இந்த வேலையில் மிகவும் செலவு பிடிக்கிற வாக்கியம். 25 மைக்ரான் செம்பு ஒரு சதுர மீட்டருக்கு 224 கிராம். 1 மி.மீ. கார்பன் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.55 கிலோ. இரு பக்கமும் 25 மைக்ரான் போட்டால் 450 கிராம் கூடுகிறது, அதாவது எடையில் கால் பங்குக்கும் மேல். எடை குறைய வேண்டும் என்றுதானே அலுமினியத்தை விட்டு கார்பனுக்கு வந்தோம்?

ரேடியோ அலைக்கான வேலை என்றால் தடிமனைத் தீர்மானிப்பது அலைவரிசை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடுகிறது. செம்பில் அந்தத் தோலின் ஆழம் 1 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 மைக்ரான், 10 கிகாஹெர்ட்ஸில் 0.65 மைக்ரான். இதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் மின்னோட்டத்தின் 95 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். 10 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு 2 முதல் 3 மைக்ரான் நல்ல செம்பு போதும். மின்முலாமே தேவையில்லை, மின்சாரம் இல்லாமல் ஏறும் எலக்ட்ரோலெஸ் செம்பையே கொஞ்சம் அதிக நேரம் விட்டு எடுத்துவிடலாம். 1 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் மின்னணுப் பெட்டிக்கு 6 முதல் 10 மைக்ரான். தேய்மானத்துக்காகவோ பளபளப்புக்காகவோ போடும்போதுதான் 20, 25 மைக்ரான் செம்பும் அதன்மேல் நிக்கலும் தேவைப்படும். அச்சு எந்திரங்களில் ஓடும் கார்பன் உருளைகளுக்கு இன்னும் தடியாகப் போடுகிறார்கள். அது தனித் தொழில், இங்கே தொடவில்லை.

தடிமனுக்கு எடை மட்டும் எதிரி இல்லை, சூடும் எதிரி. எல்லாத் திசையிலும் இழை அடுக்கிய கார்பன் தகடு ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 2 முதல் 4 பங்கு விரியும். செம்பு 17, நிக்கல் 13, அலுமினியம் 23, துத்தநாகம் 30. தகட்டுக்கு 3 என்று வைத்து, 100 டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் செம்பில் எவ்வளவு தகைவு (ஓரலகு பரப்பின்மேல் வரும் உள்விசை) வரும் என்று பார்த்தால் 250 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. மென்மையான செம்பு அந்த அளவுக்கு முன்பே இளகிக்கொடுத்துவிடும், நிக்கல் கொடுக்காது. தகைவு தடிமனைப் பொறுத்தது அல்ல. ஆனால் ஓரத்தை உரிக்கத் தேவையான ஆற்றல் அந்தப் படலத்துக்குள் சேர்ந்துகொண்டே போவது தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். 5 மைக்ரானில் ஒழுங்காக நின்ற அதே முலாம் 50 மைக்ரானில் மூலையிலிருந்து தானாகவே எழும்புவது இதனால்தான். கடினமான நிக்கலை நேராகப் பிசின்மேல் தடியாகப் போடாமல் அடியில் செம்பை வைப்பதற்கும் இதுவே காரணம்.

மேற்பரப்பு

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். தொட்டிகளில் ஏற்படும் தவறைத் திருத்தலாம், மேற்பரப்பில் விட்ட தவறு ஆறு மாதம் கழித்து வெயிலில் கொப்புளமாக வந்து நிற்கும்.

முதலில், எந்தப் பிசின் என்று தெரியவேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சியில் கையால் அடுக்கிய பொருள் 50 முதல் 70 டிகிரியிலேயே மென்மையாகத் தொடங்கும். 180 டிகிரியில் வேகவைத்த பிரீபிரெக் (முன்கூட்டியே பிசின் ஊட்டிய இழைத்துணி) அதே அளவு சூடு வரை கெட்டியாக நிற்கும். 85 முதல் 90 டிகிரி வரை கொதிக்கும் அமில எலக்ட்ரோலெஸ் நிக்கல் தொட்டியில் முதலாவதைப் போட்டால் தகடு வளைந்து வரும். கையால் அடுக்கிய பொருளை 60, 80 டிகிரியில் சில மணிநேரம் பின்வேகவைத்தபிறகே தொட்டிப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அரைகுறையாக இறுகிய பிசினைக் காரக் கரைசல் உப்பவைத்துவிடும்.

அடுத்து, அச்சில் தடவிய வழுக்குப் பூச்சு. மெழுகாக இருந்தால் கரைப்பானால் துடைத்து எடுத்துவிடலாம். சிலிக்கோன் என்றால் துடைப்பது அதைப் பரப்புவதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி, பிறகுதான் உப்புத்தாள் போடவேண்டும். இந்த வரிசை மாறினால் உப்புத்தாள் சிலிக்கோனைப் பிசினுக்குள் அழுத்திவிடும். அதற்குப்பின் அதை எடுக்க வழியில்லை. பீல் பிளை, அதாவது மேலே வைத்து வேகவைத்துப் பிறகு உரித்து எடுக்கும் துணி, போட்டு அடுக்கியிருந்தால் வேலை பாதி முடிந்தது, அதை உரித்ததும் புதிதாக உடைந்த பிசின் கிடைக்கும். ஆனால் எளிதாக உரியவேண்டும் என்று சிலிக்கோன் பூசி விற்கும் பீல் பிளையும் சந்தையில் உண்டு. அது உரிந்த இடம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், எதுவும் ஒட்டாது. பூச்சில்லாத நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிதான் வாங்கவேண்டும்.

உப்புத்தாள் 320, தண்ணீர் விட்டு, கையால். குறிக்கோள் மினுமினுப்பைப் போக்குவது மட்டுமே. தேய்க்கும் தண்ணீர் வெள்ளையாகவோ மங்கலாகவோ ஓடும்வரை பிசினில் இருக்கிறோம் என்று அர்த்தம். கறுப்பாக மாறினால் இழையைத் தொட்டுவிட்டோம், நிறுத்தவேண்டும். இழை திறந்துவிட்ட இடத்தில் மெல்லிய எப்பாக்சி ஒரு கோட்டு தடவி மறுபடி தேய்ப்பதே சரி. வடிவமைப்பு நம் கையில் இருந்தால் முதலிலேயே அச்சுப் பக்கத்தில் சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில் ஒரு மேற்பரப்புப் பிசின் படலம் வைத்துவிடுவது நல்லது. ஏறத்தாழ 0.12 மி.மீ. பிசின் கிடைக்கும், தேய்க்கக் கை நடுங்க வேண்டாம், நெசவு முலாமுக்குள் தெரியவும் தெரியாது. முலாம் போடவேண்டிய பொருளுக்கு இந்தப் படலத்தைச் சேர்க்காமல் விட்டால் அது மிச்சம் அல்ல, கடன்.

ஓரங்களும் துளைகளும் தனிக்கவனம் கேட்பவை. வெட்டிய ஓரத்தில் ஆயிரக்கணக்கான இழை முனைகள் திறந்து கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தில் உள்ள நுண்பிளவுகள் வழியாக அமிலமும் காரமும் உள்ளே ஏறும். எவ்வளவு அலசினாலும் வெளியே வராது. முலாம் போட்டபிறகு மெல்லக் கசிந்து, ஓரத்தில் பச்சை உப்பாகப் பூக்கும். ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான். நீர்த்தன்மையான எப்பாக்சியை ஓரத்தில் தடவி, சற்றுச் சூடாக்கி உள்ளே இழுக்கவிட்டு, இறுகியபின் இன்னொரு கோட்டு. துளைகளை முலாமுக்கு முன் போடுவதாக இருந்தால் சுவரையும் இப்படியே மூடவேண்டும். ஃபோம் அல்லது தேன்கூடு நடுவில் வைத்த சாண்ட்விச் தகட்டை நாலு பக்கமும் அடைக்காமல் எந்தத் தொட்டியிலும் இறக்கக்கூடாது.

சுத்தம் போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். அயனி நீக்கிய நீரில் முக்கி நிமிர்த்திப் பிடித்தால் நீர்ப்படலம் 30 விநாடி உடையாமல் நிற்கவேண்டும். ஓர் இடத்தில் விலகித் துளியாகச் சுருண்டால் அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. அந்த இடத்தில் நாளைக்கு முலாம் உரியும்.

குழி பறித்தல்

ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குப் பயன்படும் குரோமிக் அமிலக் கரைசல் எப்பாக்சிக்குச் சரிவராது. ஏபிஎஸ்ஸில் அந்த அமிலம் தின்பது ரப்பர் துகளை, எப்பாக்சியில் அந்தத் துகள் இல்லை. நமக்கு உதவுவது மின்சுற்றுப் பலகைத் தொழில். அங்கே துளையிட்ட எப்பாக்சியைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகளாக நடக்கும் பெர்மாங்கனேட் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று தொட்டிகள். முதலாவதில் பிசினை உப்பவைக்கும் கரைசல்: பியூட்டைல் டைகிளைக்கால் போன்ற கிளைக்கால் ஈதரும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தது, 60 முதல் 75 டிகிரி, 5 முதல் 8 நிமிடம். இரண்டாவதில் லிட்டருக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 50 முதல் 60 கிராம், காஸ்டிக் சோடா 40 கிராம், 75 முதல் 80 டிகிரி, 10 நிமிடம் அளவில். கரைசல் ஊதாவிலிருந்து பச்சைக்குத் திரும்பினால் பெர்மாங்கனேட் செலவாகி மாங்கனேட் சேர்ந்துவிட்டது, வேகம் போய்விட்டது என்று பொருள். மூன்றாவது தொட்டி நடுநிலையாக்க: 5 சதவீதக் கந்தக அமிலத்தில் 2, 3 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. பரப்பில் படிந்த பழுப்பு மாங்கனீஸ் டைஆக்சைடு முற்றிலும் போகும்வரை, 3 முதல் 5 நிமிடம். இரண்டாம் தொட்டியிலிருந்து மூன்றாவதற்கு நடுவே இரண்டு முறையாவது நன்றாக அலசவேண்டும். பெர்மாங்கனேட்டை இழுத்துக்கொண்டுபோய்ப் பெராக்சைடில் விட்டால் நுரைத்துப் பொங்கும். பழுப்பு மிச்சமிருந்தால் அதன்மேல் ஏறும் செம்பு தூளில் ஒட்டியதுபோல உதிரும்.

எத்தனை நிமிடம் என்பதை எடையிழப்பு சொல்லும். சதுர செ.மீ.க்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் பிசின் போயிருந்தால் சரி. கார்பன் தகடு கரைசலையும் குடிக்கும் என்பதால் முன்னும் பின்னும் 80 டிகிரி அடுப்பில் காயவைத்தே நிறுக்கவேண்டும். காயவைக்காமல் நிறுத்தால் எடை கூடியிருக்கும். 180 டிகிரியில் வேகவைத்த, நெருக்கமாகப் பின்னிய பிசின் மெதுவாகத்தான் கரையும், அதற்கு உப்பவைக்கும் தொட்டியில் நேரத்தைக் கூட்டவேண்டும். அறை வெப்ப எப்பாக்சிக்கு அதே நேரம் கொடுத்தால் மேல்தோல் பஞ்சுபோலாகிவிடும். குழி அதிகமானால் பிடிப்பு அதிகமாகும் என்பது இல்லை. பலவீனமான பஞ்சுத் தோலில் வேர்விட்ட உலோகம் அந்தத் தோலோடு வந்துவிடும்.

வீட்டிலோ சிறு பட்டறையிலோ பெர்மாங்கனேட் வரிசை வைக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மேல்தோல் எப்பாக்சியில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து பூசி, இறுகியபின் தேய்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் தூள் கரைந்து குழி விடும். பெர்மாங்கனேட் அளவுக்குப் பிடிக்காது. அலங்கார வேலைக்குப் போதும்.

விதை போட்டு செம்பு ஏற்றுதல்

மின்கடத்தாப் பிசினில் செம்பு தொடங்கவேண்டுமென்றால் பலேடியம் விதை வேண்டும். இரண்டு வழி. தகரம், பலேடியம் இரண்டும் சேர்ந்த கூழ்மக் கரைசல் தயாராக விற்கிறது, தொழிற்சாலைகளில் அதுதான். சிறு அளவுக்குப் பழைய இரண்டு-படி முறை எளிது. முதலில் லிட்டருக்கு ஸ்டேனஸ் குளோரைடு 10 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 மி.லி., அறை வெப்பத்தில் 3 நிமிடம். அலசல். பிறகு பலேடியம் குளோரைடு 0.25 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2.5 மி.லி., 2 நிமிடம். மறுபடி அலசல். ஸ்டேனஸ் கரைசல் காற்றுபட்டு நாள்பட நாள்படப் பாலாகக் கலங்கும். பாட்டிலின் அடியில் ஒரு துண்டு தகர உலோகம் போட்டுவைத்தால் நிறைய நாள் தெளிவாக இருக்கும். பலேடியம் விலை தெரிந்தவர்கள் அந்தக் கரைசலில் தகரத்தை இழுத்துவந்து கெடுக்கமாட்டார்கள், ஆகவே நடு அலசலைச் சுருக்காதீர்கள். அதேசமயம் நீண்ட நேரம் ஓடும் நீரில் விட்டால் தகரப் படலமே போய்விடும்; அயனி நீக்கிய நீரில் இரண்டு முக்கு, அவ்வளவே.

கூழ்ம முறை என்றால் அதற்குப்பின் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2, 3 நிமிடம் விட்டு, பலேடியத்தைச் சுற்றி நிற்கும் தகரத்தைக் களையவேண்டும். அதிகம் விட்டால் பலேடியமும் கழன்றுவிடும்.

செம்புக் கரைசலுக்கு நம்பகமான அறை வெப்பக் கலவை: ஒரு லிட்டருக்கு காப்பர் சல்பேட் 5 கிராம், ரோஷெல் உப்பு 25 கிராம், காஸ்டிக் சோடா 7 கிராம், 37 சதவீத ஃபார்மால்டிஹைடு 10 மி.லி. ஃபார்மால்டிஹைடைத் தொடங்கும் தறுவாயில்தான் ஊற்றவேண்டும். ஊற்றியபின் கரைசலின் ஆயுள் மணிக்கணக்கு. புகைபோக்கி இல்லாத இடத்தில் இந்த வேலை வேண்டாம், ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் வருவிப்பது.

சரியாக விதைத்த பரப்பில் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறத் தொடங்கும். முதலில் புகைபோல ஒரு கருமை, பிறகு பழுப்பு, 4, 5 நிமிடத்தில் முழுக்க இளஞ்சிவப்புச் செம்பு. கூடவே பொடிப்பொடியாகக் குமிழி எழும்பும், அது ஹைட்ரஜன். செம்பு ஏறுகிறவரை அது வந்துகொண்டே இருக்கும். தகட்டைக் கிடையாகப் போட்டால் அடிப்பக்கத்தில் குமிழி தங்கி, தங்கிய இடத்தில் புள்ளிப்புள்ளியாக வெற்றிடம் விழும். செங்குத்தாகவோ சற்றுச் சாய்வாகவோ தொங்கவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லத் தட்டிவிடவேண்டும். ஐந்து நிமிடம் ஆகியும் பிசின் தெரிகிற திட்டு இருந்தால் காத்திருந்து பயனில்லை. எடுத்து அலசி, விதைக்கும் படிக்கே திரும்பவேண்டும். செம்பு கருஞ்சிவப்பாக, சொரசொரப்பாக ஏறினால் கரைசல் மிஞ்சிய வேகத்தில் ஓடுகிறது அல்லது செம்புத் தூள் மிதக்கிறது. காற்றுக் குழாயால் மெல்லக் குமிழிவிட்டுக்கொண்டிருப்பதும் வடிகட்டுவதும் அதற்கு மருந்து. வேலை முடிந்த தொட்டியின் சுவரில் ஒட்டிய செம்பை பெர்சல்பேட் கரைசலால் கழுவி எடுக்காவிட்டால் அடுத்த கரைசல் தகட்டை விட்டுச் சுவரில்தான் செம்பு ஏற்றும்.

கரைசலில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 5 கிராம் காப்பர் சல்பேட்டில் செம்பு 1.27 கிராம்தான். ஒரு சதுர டெசிமீட்டரில் 1 மைக்ரான் ஏற 0.09 கிராம் போகும். கணக்குப்படி ஒரு லிட்டர் 14 சதுர டெசிமீட்டரை 1 மைக்ரான் மூடும். நடைமுறையில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குப்பின் வேகம் தளரும். மணிக்கு 1, 2 மைக்ரான்தான் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்முலாமுக்கு அடித்தளமாக 0.5 முதல் 1 மைக்ரான் போதும்.

மின்முலாம்

இங்கே புதிதாகக் கற்க அதிகம் இல்லை. லிட்டருக்குக் காப்பர் சல்பேட் 200 கிராம், கந்தக அமிலம் 60 கிராம், குளோரைடு 50 முதல் 80 மில்லிகிராம், பாஸ்பரஸ் கலந்த செம்பு ஆனோடு, அறை வெப்பம். எல்லாப் பட்டறையிலும் இருப்பதே.

வேறுபாடு தொடக்கத்தில்தான். அரை மைக்ரான் செம்பால் முழுக் கரண்டைச் சுமக்க முடியாது, ஜிக் (தகட்டைத் தொங்கவிட்டுக் கரண்டு கொடுக்கும் பிடி) தொடும் இடம் எரிந்து வெற்றிடமாகிவிடும். தொடும் இடங்களைப் பலவாக்கி, அகலமாக்கி, முதல் 10 நிமிடம் சதுர டெசிமீட்டருக்கு 0.5 ஆம்பியர், பிறகு மெல்ல 2 ஆம்பியர். தொட்டியில் இறக்கும்போதே கரண்டு இருக்கவேண்டும். கரண்டு இல்லாமல் நின்றால் அமிலம் அந்த மெல்லிய செம்பைத் தின்னும். ஜிக் செம்பைத்தான் தொடவேண்டும், திறந்த இழை முனையைத் தொடக்கூடாது. தொட்டால் இழைக்கட்டு முழுவதும் எதிர்மின்வாயாகி, நாம் மூட மறந்த ஏதோ ஓர் ஓரத்தில் செம்பு மரம்போல் கிளைவிட்டு வளரும்.

1 ஆம்பியரில் மணிக்கு 13 மைக்ரான் என்பது கணக்கு. 2 ஆம்பியரில் 25 மைக்ரான் ஏற ஒரு மணிநேரம். மேலே நிக்கல் வேண்டுமென்றால் 5 மைக்ரான். சாதாரண வாட்ஸ் வகை நிக்கல் தொட்டியை விட சல்பமேட் நிக்கல் உள்ளிழுவிசை குறைந்தது, வெப்பம் ஏறி இறங்கும் பொருளுக்கு அதையே தேர்ந்தெடுப்போம். முடிந்ததும் 60 டிகிரியில் இரண்டு மணிநேரம் காயவைத்து, ஒரு நாள் விட்டபிறகே பிடிப்பைச் சோதிக்கவேண்டும். சிக்கிய ஈரம் வெளியேற வெளியேறப் பிடிப்பு கூடும்.

உரிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு தொகுதியோடும் அதே பிசினில் செய்த ஒரு துண்டுத் தகடு போகவேண்டும். அதில் 40 மைக்ரான் வரை செம்பு ஏற்றி, 1 செ.மீ. அகலத்தில் இரு கீறல் போட்டு, நுனியைக் கிளப்பி, தராசுக் கொக்கியால் செங்குத்தாக இழுத்தால் உரிவிசை கிடைக்கும். மெல்லிய முலாமில் இது செய்யமுடியாது, படலம் கிழிந்துவிடும். 1 செ.மீ. பட்டைக்கு 1 கிலோ விசை பிடித்தால் நல்ல வேலை, அரைக்கிலோ என்றால் சுமார்.

எண்ணைவிட அதிகம் பேசுவது உரிந்த படலத்தின் பின்பக்கம். செம்பு பளபளவென்று சுத்தமாக இருந்தால் உலோகம் பிசினுக்குள் இறங்கவே இல்லை: குழி போதவில்லை, அல்லது சிலிக்கோன். பழுப்புக் கறை இருந்தால் மாங்கனீஸ் சரியாகக் களையப்படவில்லை. வெளிறிய தூள்போல் பிசின் ஒட்டியிருந்தால் குழி அதிகமாகிவிட்டது. பின்பக்கம் கறுத்து, உருப்பெருக்கியில் இழைத் துண்டுகள் தெரிந்தால் முலாம் தகட்டையே பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. முலாமின்மேல் குறை சொல்ல ஏதுமில்லை, அடுக்கிய பிசின்தான் பலவீனம்.

கொப்புளம் வேறு வகை. முலாம் போட்ட அன்றே வந்தால் ஹைட்ரஜன் அல்லது தூசு. அடுப்பில் வைத்ததும் வந்தால் உள்ளே ஈரம். எப்பாக்சிக் கார்பன் தகடு எடையில் 1 சதவீதத்துக்கு மேலும் நீர் குடிக்கும். உலோகம் மூடியபின் அந்த நீராவிக்கு வெளியேற வழியில்லை. முலாமுக்கு முன் காயவைக்க ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடும், 2 மி.மீ. தகட்டுக்கு ஓர் இரவு என்றால் 4 மி.மீ.க்கு நான்கு இரவு.

முலாமே வேண்டாத இடங்கள்

மின்னலுக்காக யாரும் தொட்டியில் முலாம் போடுவதில்லை. எடையில் பாதி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆன போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில், விரித்த செம்பு வலையைப் பிசின் படலத்தோடு சேர்த்து மேல் அடுக்காக வைத்துத் தகட்டோடு வேகவைக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 73 கிராம் வலை பரவலான பகுதிகளுக்கு, 195 கிராம் வலை மின்னல் நேராக இறங்கும் முனைகளுக்கு என்பது வழக்கமான அளவுகள். 73 கிராம் என்பது 8 மைக்ரான் முலாமின் எடை. வலை பிசினுக்குள் புதைந்திருப்பதால் உரிவது பற்றிய கவலையே இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உலோகத்தை முதலிலேயே அச்சில் வைக்க முடிந்தால் பிறகு பூசாதீர்கள். ஆன்டெனாத் தட்டுகளுக்கு அச்சின் மேலேயே துத்தநாகத்தை ஆர்க் ஸ்பிரே செய்து (மின்பொறியால் உருக்கிக் காற்றால் தெளித்து), அதன் சொரசொரப்பான முதுகில் இழையை அடுக்கி எடுப்பது பழைய, நல்ல உத்தி. தயாரான கார்பன் தகட்டின்மேல் ஸ்பிரே செய்வதும் முடியும். 419 டிகிரியில் உருகும் துத்தநாகம் அதற்கு ஏற்றது. வேகமாகக் கடந்து, காற்றால் குளிர்வித்து, தகட்டை 80 டிகிரிக்குள் வைக்கவேண்டும். மணல் வீசிச் சொரசொரப்பாக்கும்போது அழுத்தம் 2 பாரைத் தாண்டினால் இழை பிய்யும். பிடிப்பு 5 மெகாபாஸ்கல் அளவில்தான். எடையும் கனம், 100 மைக்ரான் துத்தநாகம் சதுர மீட்டருக்கு 700 கிராமுக்கு மேல்.

மிக மெல்லியது வேண்டுமென்றால் வெற்றிட அறை. 2009 மே மாதம் ஏவப்பட்ட பிளாங்க் விண்தொலைநோக்கியின் 1.9 மீட்டருக்கு 1.5 மீட்டர் முதன்மைக் கண்ணாடி கார்பன் ஃபைபரால் ஆனது, மேலே அலுமினியப் படலம். 30 கிகாஹெர்ட்ஸில்கூட அலுமினியத்தின் தோல் ஆழம் அரை மைக்ரானுக்குள் என்பதால் அவ்வளவு மெல்லியது போதுமானதாக இருந்தது. படலம் மெலிந்திருப்பதால்தான் அறை வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 40 கெல்வின் வரை குளிர்ந்தும் அது கண்ணாடியை இழுத்து வளைக்கவில்லை.

துரு

அலுமினியமும் துத்தநாகமும் கார்பனைத் தொட்டு, மேலே உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். கடல்நீரில் கார்பன் நேர்ப்பக்கத்தின் உச்சியில் நிற்கிறது, அலுமினியம் அதற்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் கீழே. கரைவது அலுமினியம். அலுமினிய வலை வைக்கும்போது இழைக்கும் வலைக்கும் நடுவே கண்ணாடி இழை ஓர் அடுக்கு போடுவது இதற்குத்தான். செம்பும் நிக்கலும் கார்பனுக்கு நெருக்கம், ஆனாலும் சமம் அல்ல. ஆபத்தைத் தீர்மானிப்பது பரப்பு விகிதம். பெரிய முலாமில் ஒரு கீறலில் கொஞ்சம் இழை தெரிந்தால் பெரிய கேடில்லை. தகட்டின் ஒரு பக்கம் முழுக்க இழை திறந்து கிடக்க, மறுபக்கம் ஒரு சிறு முலாம் திட்டு அதனோடு மின்தொடர்பில் இருந்தால் அந்தத் திட்டு சீக்கிரம் போய்விடும். மெல்லிய பிசின் தோல் இங்கேயும் மின்காப்பாக வேலை செய்கிறது. முடிந்த பொருளில் மல்டிமீட்டரின் ஒரு முனையை முலாமிலும் மறுமுனையை வெட்டிய ஓரத்தில் கீறிக்காட்டிய இழையிலும் வைத்துப் பாருங்கள். தொடர்பு இல்லை என்று காட்டினால் நல்லது. தொடர்பு காட்டினால் அந்தப் பொருளை உலர்ந்த இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பார்ப்பதற்காகக் கீறிய ஓரத்தை மறுபடி எப்பாக்சியால் மூடிவிட்டு, அது இறுகியபிறகு பொட்டலம் கட்டுங்கள்.